மகன் மொழிபெயர்த்த நாட்கள்

தாய்மொழியில் பேசுவது மூச்சு விடுவதைப் போன்றது. அது செல்லுபடியாகாத ஊருக்குப் போய்ச் சேரும்போதுதான் அதன் அருமை தெரியும். கணவரின் பணி நிமித்தம் சேலையூரை விட்டு, ஸ்பெயின் நாட்டின் வடக்கே பாம்ப்ளோனா நகரில் நான்கு ஆண்டுகள் வாழ நேர்ந்தபோது எனக்கு அது நன்கு விளங்கிற்று.

அங்கே மாலை வகுப்பொன்றில் சேர்ந்தேன். தொடக்கத்தில் ஸ்பானிய மொழி உறவுக்காரியைப் போல முகம் காட்டிற்று. போர்த்துக்கீசியர் நமக்குத் தந்த மேசையும் அலமாரியும், அம்மொழியின் உடன்பிறப்பான ஸ்பானியத்தில் ‘மேஸா’ என்றும் ‘அர்மாரியோ’ என்றும் நின்றன. உயிரொலிகள் ஐந்தே. நம் ஞகரம் அங்கும் உண்டு. நீ, நீங்கள் என்னும் வேறுபாடும் ‘தூ’, ‘உஸ்தேத்’ என்று உண்டு.

உறவு கொண்டாடிய மொழி விரைவில் சோதிக்கவும் தொடங்கிற்று. அஃறிணைப் பொருளுக்கு ஆண் பெண் பாராத நமக்கு, மேசை பெண்பால், அலமாரி ஆண்பால் என்றால் எப்படி மனத்தில் நிற்கும்? இருத்தலைக் குறிக்கவே இரண்டு வினைகள்: இயல்பைச் சொல்ல ‘ஸேர்’, நிலையையும் இடத்தையும் சொல்ல ‘எஸ்தார்’. இவற்றையெல்லாம் மனப்பாடம் செய்துவிடலாம்; செவிதான் பழக மறுத்தது. வகுப்பில் ஆசிரியை பேசினால் விளங்கும். மீன் கடையில் ஒரு வாக்கியமும் பிடிபடாது.

எட்டு வயது மகனோ விளையாட்டுத் திடலிலேயே ஆறு மாதத்தில் மொழியைக் கற்றுக்கொண்டான். அன்று முதல் அவனே என் வாயானான். எதிரில் இருப்பவர்கள் என்னைப் பாராமல் அவனையே நோக்கிப் பேசினார்கள். முதுகுவலிக்காக மருத்துவரிடம் சென்றபோது, தாயின் நோவை அந்தப் பிஞ்சு வாய் எடுத்துரைக்க வேண்டியிருந்தது. மருத்துவர் கேட்ட சில கேள்விகளை என்னிடம் திருப்பிச் சொல்ல அவன் கூசினான். பிள்ளையின் தோளில் ஏற்றத் தகாத சுமை அது. “அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது” என்று அவன் விளையாட்டாகச் சொல்லத் தொடங்கினான். விளையாட்டுத்தான், ஆயினும் தைத்தது.

கைகொடுத்தது நம் தமிழே. ‘மே துவேலே லா எஸ்பால்தா’ என்றால், சொல்லுக்குச் சொல், ‘எனக்கு வலிக்கிறது முதுகு’. ஒன்று பிடிக்கும் என்பதற்கும் ‘எனக்கு’ என்றே தொடங்குகிறார்கள். ஆங்கிலத்தின் வழியாக நுழைய முயன்ற வீட்டுக்குத் தமிழ் வாசலே அருகில் இருந்தது! அடுத்த முறை அந்த வாக்கியத்தை நானே சொன்னேன். மருத்துவர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார். பக்கத்தில் இருந்த மகன் காலை ஆட்டியபடி சுவரிலிருந்த படங்களைப் பார்க்கலானான். அவன் மீண்டும் குழந்தையானான்.

அதன்பின் எல்லாம் ஏறுமுகமாக இருந்ததென்று எண்ணிவிடாதீர்கள். முகம் தெரியாத தொலைபேசிப் பேச்சு நெடுநாள் அச்சுறுத்திற்று. விருப்பத்தையும் ஐயத்தையும் சொல்வதற்கென அம்மொழியில் உள்ள தனி வினை வடிவங்கள் மூன்றாம் ஆண்டிலும் முழுமையாக வசப்படவில்லை.

அந்நாட்களில் எனக்கு ஆறுதலாயிருந்தவர் புனித சவேரியார். 1506-இல் அவர் பிறந்த கோட்டை பாம்ப்ளோனாவிலிருந்து ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் மக்கள் அங்கே திருப்பயணமாக நடந்து செல்கின்றனர். அவருடைய தாய்மொழி பாஸ்க். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தவர், தம் மொழி மக்களுக்கும், மக்கள் மொழி தமக்கும் விளங்காததைக் கடிதத்தில் மறைக்காமல் எழுதினார். இருமொழி அறிந்தவர்களைக் கொண்டு செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, மணியடித்துச் சிறுவர்களைக் கூட்டிக் கற்பித்தார். 1545-இல் அவர் மயிலாப்பூரில் சில மாதங்கள் தங்கினார். அவருக்குப்பின், 1546-இல் வந்த அண்டிரிக்கு அடிகளார் தமிழை ஆழ்ந்து கற்று, இலக்கணம் எழுதி, 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ நூலை அச்சேற்றினார். தமிழெழுத்தில் அச்சான அந்நூலின் பக்கங்கள் பதினாறே. அதன் பின்னே முப்பதாண்டு கால உழைப்பு இருந்தது. அவர்களுடைய தடுமாற்றத்தைப் பொறுத்துக்கொண்டு திருத்திக் கொடுத்த நம் கடற்கரை மக்களின் பெயர்களை நாம் அறியோம். ஆனால் அவர்கள் இல்லையேல் அந்நூல் ஏது?

இன்று தாம்பரத்துக்குத் திரும்பியுள்ளேன். கட்டட வேலைக்காக ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குடும்பங்கள் நம் தெருக்களில் வாழ்கின்றன. மருந்துக் கடையில் தாய்க்காகத் தமிழ் பேசும் சிறுமியைக் காண்கிறேன். கடைக்காரரும் வரிசையில் நிற்பவர்களும் அச்சிறுமியிடமே பேசுகிறார்கள்.

அன்பர்களே, அத்தகைய தாயைக் காணும்போது அவள் முகம் பார்த்துப் பேசுங்கள். சற்று மெதுவாகப் பேசுங்கள். உரக்கப் பேச வேண்டியதில்லை, அவள் செவிடல்லள். அவள் தேடும் சொல் அகப்படும்வரை காத்திருங்கள். அந்த அரை நிமிடத்தில் அவளுக்கு ஒரு மொழி கிடைக்கும். அவள் மகளுக்கோ குழந்தைப் பருவம் திரும்பக் கிடைக்கும்.