வாலில் இருந்த சொற்கள்

போன ரமழானுக்கு முந்தின மாசம் எங்கட வீட்டில 43 சொற்கள் காணாமல் போனது. களவு போகவில்லை, யாரும் அழிக்கவுமில்லை. ஒரு அப்டேட் போட்டோம், அவ்வளவுதான்.

நான் கலைப்பீடத்து ஆள். கம்பியூட்டரைப் பற்றி எழுதுகிற தகுதி எனக்கு இருக்கா என்று கேட்டால், இல்லை. ஆனா இந்த விசயத்தில நாலு கிழமை நித்திரை கெட்டிருக்கிறேன், அந்த உரிமையில எழுதுறன்.

இறுதியாண்டு ஆய்வுக்காக மருதமுனை நெசவுத் தொழிலில் புழங்குகிற சொற்களைச் சேர்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பெரிய மூலம் எங்கட உம்மம்மாதான். கலியாணம் கட்டி வந்த நாளில் இருந்து கண்பார்வை குறையும் வரைக்கும் தறியில சாரன் நெய்தவ. நான் ஒலுவில் ஹொஸ்டலில் கிடக்க, உம்மாதான் பக்கத்தில இருந்து, உம்மம்மா வாய்தவறி ஒரு சொல்லைச் சொன்னாலும் பிடித்து போனில எழுதுவா. பாவு, ஊடை, நாடா மாதிரி அகராதியில் கிடக்கிற சொற்களை விடுங்க. நூல் அறுந்தா ஒரு சொல், அறுந்ததை முடிச்சுப்போட்டது வெளியே தெரிஞ்சா இன்னொரு சொல், அளவுக்கு மேல கஞ்சி போட்டு நூல் விறைச்சுப்போனா அதுக்கொரு ஏச்சு. இந்த மாதிரி.

எழுதுறதுக்கு ஒரு சின்ன அப் செய்து தந்தது கட்டாரில வேலை செய்யிற எங்கட காக்கா. சொல், கருத்து, யார் சொன்னது, எப்ப சொன்னது, நாலே நாலு பெட்டி. இன்டர்நெட் தேவையில்லை. எல்லாம் போனுக்குள்ளேயே ஒரு பைலில் இருக்கும்.

ஒருநாள் காக்கா, "புதிசா ஒண்டு அனுப்பியிரிக்கன், போட்டுப்பாருங்க" என்று வட்ஸ்அப்பில் அனுப்பினார். என் போனில் போட்டேன், நல்லா வேலை செய்தது. உம்மாட போனில் போட்டால் திறக்குது, பட்டியல் காட்டுது, ஒரு சொல்லை எழுதி சேமி என்று அழுத்தினவுடனே மூடிக்கொள்ளுது. திரும்பத் திறந்தால் அந்தச் சொல் இல்லை. உம்மா வழக்கம்போல தன்னைத்தான் குற்றம் சொன்னா: "நான் என்னத்தையோ அமத்திட்டன் போல மகள்."

அவ ஒன்றையும் பிழையாக அமத்தவில்லை. காக்கா ஒரு மாதிரி போனில் இருந்து எரர் வரியை எடுக்கவைத்தார். 'ஓன்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இலக்கணப் பிழை என்று இருந்தது. கட்டாரில ராத்திரி பத்து மணி என்றால் இங்க பன்னிரண்டரை. அந்த நேரத்தில் அவர் அனுப்பிய குரல் பதிவுகளைக் கேட்டுக் கேட்டுத்தான் நான் இதெல்லாம் படித்தேன்.

எஸ்கியூலைட் என்று ஒரு தரவுத்தள நூலகம் இருக்கு. நூலகம் என்றால் புத்தகம் வைக்கிற இடமில்லை. இன்னொரு மென்பொருளுக்குள்ளே போய்க் குந்தியிருந்து வேலை செய்கிற நிரல்தொகுதி. வங்கிகளில் இருக்கிற மாதிரி தனியாக ஒரு சேர்வர் ஓடாது, தரவு முழுக்க ஒரே பைலில் இருக்கும். ரிச்சர்ட் ஹிப் என்ற அமெரிக்கர் 2000ஆம் ஆண்டு எழுதத் தொடங்கியது. அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்றுக்கான மென்பொருளில் வேலை செய்தபோது, தரவுத்தள சேர்வர் நின்றுபோனால் இவருடைய மென்பொருளும் சேர்ந்து படுத்துவிடுமாம். சேர்வரே இல்லாமல் செய்தால் என்ன என்று யோசித்திருக்கிறார். போர்க்கப்பலுக்காக யோசித்தது இன்றைக்கு நம்ம வட்ஸ்அப் மெசேஜ்கள் கிடக்கிற இடமாகவும் இருக்கு. பதிப்புரிமையும் இல்லை. பதிப்புரிமை வாசகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சின்ன ஆசீர்வாதம் எழுதியிருக்கிறார்கள். அதை வாசித்த நாளில் இருந்து எனக்கு அந்த மனிசனில ஒரு பிரியம்.

விசயத்துக்கு வருவோம். ஒவ்வொரு அன்ட்ரொயிட் போனிலும் இந்த எஸ்கியூலைட் முன்கூட்டியே இருக்கும். ஆனா ஒரே பதிப்பு இல்லை. உம்மாட போன் அன்ட்ரொயிட் 9. அதற்குள் இருப்பது 3.22. அன்ட்ரொயிட் 10இலும் அதேதான். 11இல்தான் 3.28 வந்தது. காக்கா புதிய பதிப்பில் ஒரு வசதியைப் பாவித்திருக்கிறார்: சொல் ஏற்கெனவே இருந்தால் திருத்து, இல்லாவிட்டால் புதிதாகச் சேர், இரண்டையும் ஒரே கட்டளையில். அந்த வசதி எஸ்கியூலைட்டில் வந்தது 2018 ஜூனில், 3.24இல். உம்மாட போனுக்குள் இருக்கிறதுக்கு அந்த வாக்கியம் புரியாது. புரியாத மொழியில் பேசினால் அது மூடிக்கொண்டு போயிடும். காக்கா சோதித்துப் பார்த்ததெல்லாம் தன்னுடைய புதுப் போனில். இதை நான் சொல்லிக்காட்டினேன், அவர் ரெண்டு நாள் பதில் போடவில்லை.

இதுவரை ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்க. அப் மூடுது, அவ்வளவுதான். கெடுத்தது நாங்கள் அதைத் திருத்தப்போன விதம்.

"பழைய பதிப்புக்கே திரும்புவம்" என்றார் காக்கா. அன்ட்ரொயிட்டில் புதியதுக்கு மேல பழையதைப் போட விடாது. அப்பை நீக்கித்தான் போடவேண்டும். நீக்கினால் அதன் பைல்களும் சேர்ந்து போயிடும். அதனால முதலில் அப்பில் இருக்கிற 'எடுத்துவை' பொத்தானை அழுத்தி பைலைப் பிரதி எடுக்கச்சொன்னார். உம்மா அழுத்தினா. பைல் வந்தது. எனக்கும் அனுப்பினா. நீக்கினோம், பழையதைப் போட்டோம், பைலை உள்ளே ஏற்றினோம். எரர் எதுவும் இல்லை, அழகாகத் திறந்தது.

140 சொல் இருந்த இடத்தில் 97.

எனக்குக் கை குளிர்ந்துபோனது. ஏனென்றால் அந்த 97உம் எவை என்று பார்த்தவுடனே விளங்கியது. நான் முதலில் என் போனில் சேர்த்து, பைலாக உம்மாவுக்கு அனுப்பிக்கொடுத்த சொற்கள். அதற்குப் பிறகு உம்மா மூன்று கிழமையாக இருந்து இருந்து எழுதினதில் ஒன்றுகூட இல்லை.

காக்கா ஒரு சோதனைக் கட்டளை இருக்கு, பைல் பழுதா இல்லையா என்று அது சொல்லும் என்றார். ஓட்டினோம். 'ஓகே' என்றது. உண்மையில் அந்தப் பைல் பழுதில்லை, அது மூன்று கிழமை பழைய பைல். எனக்குக் கோபம் வந்தது இந்த இடத்தில்தான். மூடிக்கொண்டு போன அப்பாவது ஏதோ பிழை என்று காட்டியது. இது சிரிச்ச முகத்தோட 43 சொல்லை விழுங்கிட்டு ஓகே என்று சொல்லுது.

நடந்தது இதுதான். 2010இல் 3.7 பதிப்போடு எஸ்கியூலைட்டில் ஒரு புது எழுதும் முறை வந்தது. புதிதாக எழுதுவதை நேரே பிரதான பைலில் எழுதாது. பக்கத்தில் அதே பெயரில் இன்னொரு பைல் வைத்து அதில் எழுதும். அந்தப் பைலின் பெயருக்குப் பின்னால் ஆங்கிலத்தில் மூன்று எழுத்து ஒட்டியிருக்கும், வாசித்தால் வால். நிசமாவே வால்தான். கடையில் கடன் கொடுத்ததைச் சின்னத் துண்டில் குறித்துவைத்துவிட்டு, பிறகு பெரிய கொப்பியில் ஏற்றுவார்களே, அந்த மாதிரி. வேகமும் கூட, கரண்ட் போனாலும் பாதுகாப்பு. வாலில் ஆயிரம் பக்கம் சேர்ந்தால், அல்லது பைலை ஒழுங்காக மூடினால், பிரதான பைலில் ஏற்றிவிடும். ஒரு பக்கம் பொதுவாக 4,096 பைட். ஆயிரம் பக்கம் என்றால் கிட்டத்தட்ட 4 எம்பி. உம்மம்மாட ஒரு சொல்லுக்கு அஞ்சு பக்கம் போனாலும் 43 சொல் எங்கே ஆயிரம் பக்கத்தை எட்டப்போகுது? ஒழுங்காக மூடுவதும் நடக்கிறதில்லை. நாம போனில் அப்பை மூடுறதில்லையே, விரலால் தள்ளிவிடுறோம், அல்லது போனே இடம் பத்தாமல் கொன்றுபோடுது.

அதனால உம்மா எழுதிய எல்லாமே வாலிலேயே கிடந்திருக்கு. அப் திறந்திருக்கும்போது தலையையும் வாலையும் சேர்த்து வாசிப்பதால் 140 என்று காட்டியது. 'எடுத்துவை' பொத்தான் தலையை மட்டும் எடுத்துவைத்தது. வாலைச் சேர்க்கக் காக்கா மறந்திருந்தார். அப்பை நீக்கினபோது வாலும் போயிட்டு.

இது எஸ்கியூலைட்டின் குறையில்லை. பைலைக் கெடுப்பது எப்படி என்றே அவர்கள் ஒரு நீண்ட ஆவணம் எழுதி வைத்திருக்கிறார்கள், அதில் வாலைப் பிரிக்காதே என்று தெளிவாக இருக்கு. நான் முழுசாக வாசித்தேன். சொல்லுறன் என்று குறைநினைக்காதீங்க, எங்கட பாடத்தில் வருகிற சில கோட்பாட்டு நூல்களைவிட அது தெளிவான உரைநடை.

காக்கா அடுத்ததாக எடுத்த முடிவு சரியானது என்று இப்பவும் நினைக்கிறேன்: போனில் இருக்கிற எஸ்கியூலைட்டை நம்பாமல், தனக்கு வேண்டிய பதிப்பை அப்புக்குள்ளேயே வைத்து அனுப்புவது. அப்போது எந்தப் போனிலும் ஒரே பதிப்புத்தான் ஓடும். அப் சில எம்பி வீங்கும். உம்மாட போனில் இடம் போதாமல் கலியாண வீட்டு வீடியோக்களை அழிக்கவேண்டி வந்தது, அது வேற சண்டை. இந்தத் தடவை நான் பிடிவாதமாக இருந்தேன். முதலில் 'எடுத்துவை' பொத்தானைத் திருத்துங்க, பிரதி எடுக்க முன்னம் வாலைத் தலையில் ஏற்றச்சொல்லுங்க, பிறகுதான் மற்றதெல்லாம் என்று. ஒரே படியில் சுத்தமான பிரதி எடுக்கிற ஒரு கட்டளையும் இருக்கு. அது 3.27இல் வந்தது, உம்மாட போனின் சொந்தப் பதிப்பில் அதுவும் கிடையாது!

போட்டோம். திறந்தவுடனே மூடிக்கொண்டது. இப்ப வேற எரர்: அப்படி ஒரு வரிசைமுறை இல்லையாம்.

இந்த எரரை நான் மிகவும் விரும்பினேன். கலைப்பீடத்து ஆளுக்கு விளங்குகிற எரர் என்பதால். சொற்களை அகர வரிசையில் அடுக்க இதுவரைக்கும் போன் தன்னிடம் இருக்கிற வரிசைமுறையைக் கடனாகக் கொடுத்திருக்கு. வெளியே இருந்து கொண்டுவந்த எஸ்கியூலைட்டுக்கு அந்தக் கடன் கிடையாது. அதற்குத் தெரிந்தது எழுத்துகளின் யுனிகோட் எண் மட்டும்தான். யுனிகோடில் நவுக்கு அடுத்தது ன. லவுக்குப் பிறகு ள, ழ, அதன் பிறகுதான் வ. நாங்கள் சின்ன வயசில பாடமாக்கின ய ர ல வ ழ ள ற ன அங்கே இல்லை. அதன்படி அடுக்கினால் கப்பலுக்கு முன்னால் கனவு வரும், பவளத்துக்கு முன்னால் பழம் வரும். அகராதி மாதிரி ஒன்றை இப்படிக் கொண்டுபோய் மேற்பார்வையாளரிடம் நீட்ட முடியுமா?

காக்கா தானே ஒரு தமிழ் வரிசையை எழுதினார். நான்தான் வரிசை சொல்லிக்கொடுத்தேன், அதில எனக்குப் பெருமை. ஆனா கிரந்த எழுத்துகள் எங்கே போகும் என்பதில் இழுபறி. எங்கட பேச்சில ஜ, ஸ, ஹ இல்லாமல் ஒருநாள் ஓடாது. முதலில் ஜவை சவுக்கு அடுத்ததாக வைத்தோம். பிறகு நான் மனம் மாறி எல்லாவற்றையும் கடைசியில் போடச்சொன்னேன். அவர் மாற்றி அனுப்பினார். அதன் பிறகு 'ஜனாஸா' என்று தேடினால் இல்லை என்கிறது. பட்டியலில் பார்த்தால் இருக்குது! தேடுவதற்கான சுட்டி பழைய வரிசையில் கட்டப்பட்டிருக்கு, தேடுகிறவன் புது வரிசையில் தேடுறான். வீடு மாறிப்போன ஆளைப் பழைய விலாசத்தில் தேடுற மாதிரி. சுட்டியைத் திரும்பக் கட்டச்சொல்லி ஒரு கட்டளை கொடுத்ததும் சரியானது. ஒழுங்கு எதுவென்று நாம மனம் மாறினால், பழைய ஒழுங்கில் அடுக்கினதையெல்லாம் திரும்ப அடுக்கவேண்டும். அதைச் செய்யாமல் விட்டது நாங்கள்.

அப் இப்ப மூன்று போனிலும் ஓடுது. 43 சொல்?

உம்மம்மாவிடம் போய்த் திரும்பச் சொல்லுங்க என்றேன். "எல்லாத்தையும் இருந்தாப்போல கேட்டா வருமா புள்ள? கை ஓடினாத்தான் வாய் வரும்" என்றா. அதில உண்மை இருக்கு. அந்த மூன்று கிழமையும் உம்மா கேள்வி கேட்டு எடுத்ததில்லை, பேச்சோட பேச்சாக வந்தது. கடைசியில் பக்கத்துத் தெருவில் இன்னும் தறி ஓடுகிற ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போனோம். ரெண்டு பேர் தாங்கித்தான் இருத்தினோம். நாடாவைக் கையில எடுத்துப் பார்த்தா, மிதியில் காலை வைத்தா, அந்த வீட்டுப் பெண்ணின் பாவில் பிழை கண்டுபிடித்து ஏசவும் தொடங்கிட்டா. ஏச்சோடு சொற்கள் வந்தன. மூன்று நாள் போனோம். உம்மாவும் நானும் நினைவுபடுத்தியதோடு சேர்த்து 31 சரிவந்தது. முன்னர் சொல்லாத 9 புதிதாக வந்தது. மிச்சம் 12இல் ஒன்று பவில் தொடங்கும் என்று உம்மா சத்தியம் பண்ணுறா. நூலைப் பிரிக்கும்போது சொல்லுறதாம். அதற்கு மேல் அவவுக்கும் தெரியவில்லை. உம்மம்மாவிடம் கேட்டால், "நான் அப்பிடி ஒண்டும் சொல்லல்லையே" என்கிறா.

உம்மா இப்ப போனில் எழுத முன்னம் ஒரு சீஆர் கொப்பியில் எழுதுறா. திகதியும் போடுறா. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு எங்கட வீட்டில முக்கியமான கடதாசியெல்லாம் பொலித்தீனில் சுத்தி அலுமாரிக்கு மேலதான் இருக்கும், கொப்பியும் ராத்திரியானா அங்கே போயிடும். காக்காவுக்கு இது பிடிக்கவில்லை. தன்ட அப்பில் நம்பிக்கை இல்லையா என்று கேட்கிறார். எஸ்கியூலைட்காரர்கள் 2050 வரைக்கும் இதைப் பராமரிப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறார்கள், 2004இல் எழுதிய பைலையும் இன்றைய பதிப்பு திறக்கும் என்றெல்லாம் உம்மாவுக்குக் குரல் பதிவு அனுப்பினார்.

உம்மா கேட்டுட்டு, "சரி மகன், அதுவும் இரிக்கட்டும்" என்று பதில் அனுப்பினா.