சயானுக்கு வடக்கே

கவுன்சிலரே இல்லாமல் நாலு வருஷம் ஓடிற்றே, என்ன குடிமுழுகிப் போச்சு என்று மாட்டுங்காவில் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்டார். மும்பை மாநகராட்சியின் பதவிக்காலம் 2022 மார்ச்சில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2026 ஜனவரியில்தான் நடந்தது. இடையில் நிர்வாகி ஆட்சி. கேட்டவர் மாட்டுங்காவாசி, அவருக்கு ஒன்றும் முழுகியிருக்காது. எனக்குச் செம்பூர். நான் கவுன்சிலராக இருந்ததும் அங்கேதான். பாயசம் வந்துவிட்டதால் அவரை விட்டுவிட்டேன். உங்களை விடுவதாக இல்லை.

1950 ஏப்ரலில் பம்பாய் முனிசிபாலிட்டி புறநகருக்குள் நீண்டது. குர்லா, பாந்த்ரா என்று தனித்தனியாகக் கணக்கு வைத்திருந்த ஊர்களெல்லாம் ஒரே குடைக்குள் வந்தன. செம்பூரும் அப்போதுதான் வந்தது. 1957 பிப்ரவரியில் எல்லை தஹிசர், முலுண்டு வரை போயிற்று. கெஜட்டில் அச்சடிக்க ஒரு நாள் போதும். மற்றதெல்லாம்? சயானுக்குத் தெற்கே பழைய நகரம். அங்கே தாராவியில் கரண்ட் பில் மாநகராட்சியின் பெஸ்ட் நிறுவனத்துடையது. சயான் தாண்டினால் வேறு கம்பெனி, தெருவிளக்கும் அவர்களுடையது. செம்பூர் ஆட்டோ சயானோடு நின்றுவிடும், தெற்கே போகாது. மாட்டுங்காவில் பழைய வாடகைக் கட்டடத்துக்கு செஸ் வரி உண்டு, ஓட்டை விழுந்தால் ரிப்பேர் போர்டு வரும். செம்பூரில் அதே வயசுக் கட்டடம் விழுந்தால் உங்கள் பாடு. நில ரெக்கார்டு அங்கே சி.எஸ். நம்பர், இங்கே சி.டி.எஸ். 1990-ல் கலெக்டரையும் இரண்டாக்கிவிட்டார்கள். மாநகராட்சி ஒன்று, மாவட்டம் இரண்டு. எழுபத்தைந்து வருஷமாகியும் ஒட்டுப்போட்ட தையல் தெரிகிறது.

இதை வைத்துக்கொண்டுதான் வார்டு நடத்த வேண்டும். அதிகாரம் என்று எதுவும் கையில் கிடையாது. 1888-ஆம் வருஷத்துச் சட்டம் நிர்வாகத்தைக் கமிஷனரிடம் கொடுத்திருக்கிறது. மேயருக்கே மரியாதைதான் மிச்சம் என்றால் கவுன்சிலர் எம்மாத்திரம்? கேட்கலாம், கத்தலாம், ஃபைலைத் தூக்கிக்கொண்டு மேஜை மேஜையாக அலையலாம். எந்த மேஜை என்று தெரிந்திருப்பதுதான் தொழில். இதைத் தொழில் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். தச்சனுக்கு உண்டு, தவில்காரருக்கு உண்டு, கவுன்சிலருக்கு மட்டும் கரை வேட்டியும் கமிஷனும் என்று முடிவுகட்டியாயிற்று.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் கட்சித் தலைவர் யாருமில்லை, ஒரு சாவிவாலா, தெருக்குழாய் வால்வைத் திறந்துவிடுகிறவர். சாத்தாரா ஜில்லாக்காரர். என்னைவிட இருபது வயசாவது மூத்தவர், ஆனாலும் என்னை 'அண்ணா' என்றுதான் கூப்பிடுவார். மும்பையில் தமிழனாகப் பிறந்தால் அது தானாக வரும் பட்டம். நான் அவரை 'மாமா' என்பேன். மராத்தியிலும் அது மாமாதான்.

விடிவதற்கு முன்பு சைக்கிளில் வருவார். தோளில் மார்பு உயர இரும்புச் சாவி, சாவியின் தலையில் குறுக்குக் கம்பி. தெருவோரம் மூடியைக் காலால் தள்ளிவிட்டு, சாவியைக் குழிக்குள் இறக்கி, கம்பியின் முனையில் காதை வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே நிற்பார். குழாய்க்குள் தண்ணீர் வந்துவிட்டதா, எங்காவது கசிகிறதா என்று அந்தச் சத்தத்திலேயே சொல்லிவிடுவார். அப்புறம்தான் சுற்றுவார், உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே. எண்ணிக்கை தெருவுக்குத் தெரு மாறும். மேட்டுத் தெருவுக்கு முதலில் திறக்க வேண்டும், பள்ளத்தை முதலில் திறந்தால் மேட்டுக்கு மூச்சுதான் வரும். சில வால்வு வலப்பக்கம் சுற்றினால் மூடும், சில இடப்பக்கம். "இது பழைய ஆட்கள் போட்டது, அது நம்ம ஆட்கள் போட்டது" என்பார். அவர் பழைய ஆட்கள் என்றது ஐம்பதுக்கு முந்தியவர்களை. அவர் அப்போது வேலையிலேயே சேரவில்லை! அவருக்கு முந்திய சாவிவாலா சொல்லி, அவருக்கும் முந்தியவர் சொல்லி வந்த கணக்கு அது. ஆபீஸ் வரைபடத்தில் ஒரே நீலக்கோடாக ஓடும் குழாய், தரைக்குக் கீழே மூன்று காலத்து மூன்று அளவுக் குழாய். நூறு கிலோமீட்டர் சுமாருக்கு அப்பால் பாத்ஸாவிலும் வைதர்ணாவிலும் தேங்கும் தண்ணீர், கடைசி ஐம்பது அடியில் அந்த மனுஷரின் கையை நம்பித்தான் குடத்துக்கு வந்தது.

அவரோடு நடந்த பிறகு யார் புகார் சொன்னாலும் முதலில் நான் கேட்டது "தண்ணீர் வரவில்லையா, அழுத்தம் இல்லையா, நேரம் மாறிவிட்டதா?" என்பதைத்தான். மூன்றும் மூன்று வியாதி, மூன்று மேஜை. இப்போது பதவிக்கு வருகிற பிள்ளைகளுக்கு எல்லாம் ஒரே வியாதி, 'தண்ணீர்ப் பிரச்சினை'. டேங்கர் வரவழைத்து, அதன் முன்னால் நின்று வீடியோ எடுத்துப் போட்டுவிட்டால் தீர்ந்தது. டேங்கர் போன மறுநாளும் அழுத்தம் அப்படியேதான் இருக்கும்.

நாலா என்கிற மழைநீர்க் கால்வாய் விவகாரமும் அப்படித்தான். ஜூன் மழைக்கு முன்னால் நாலா வாருவது ஒவ்வொரு வருஷமும் நடக்கும் சடங்கு. ஆனால் ஒரு நாலா ரயில்வே நிலத்தில் புறப்படும், கலெக்டர் நிலத்தில் வளையும், வீட்டுவசதி வாரியத்தின் மாடா காலனிக்குப் பின்னால் நெளியும், பிறகுதான் மாநகராட்சி ரோட்டுக்கு வரும். அவரவர் துண்டை அவரவர் வாருவார்கள், எல்லைக்கல் இருக்கும் இரண்டு கஜத்தை யாரும் தொட மாட்டார்கள். மழைத்தண்ணீர் நின்று பார்க்கும் இடமும் அதுதான். அந்த இரண்டு கஜத்துக்காகக் கடுதாசி எழுதுவதில் நான் என் கண்பார்வையைத் தேய்த்திருக்கிறேன். இதற்கு ஆப் உண்டா?

புகார் ஆப்பைக் குறை சொல்லவில்லை. குப்பைக்கு அது நல்லதுதான். ஆனால் அதில் முதல் கேள்வியே எந்த இலாகா என்பது. அந்தப் பதில் தெரிந்தால் பாதி ஜனம் ஏன் என் வீட்டு வாசலுக்கு வந்திருக்கும்? தப்பான இலாகாவைத் தொட்டால், எங்களுடையதல்ல என்று எழுதிப் புகாரை முடித்துவிடுவார்கள். திரையில் பச்சை விழும், தெருவில் சாக்கடை நிற்கும்.

தாம்பரம் பக்கம் என் உறவுக்காரப் பையன் ஒருவன் அடுத்த தேர்தலில் நிற்கப் பார்க்கிறான். ஆலோசனை கேட்டுப் போன் பண்ணினான். 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து மாநகராட்சி ஆக்கினார்களே, அங்கே. அதற்குப் பத்து வருஷம் முந்தி சென்னை, அம்பத்தூர் முதல் ஆலந்தூர் வரை நாற்பத்திரண்டு உள்ளாட்சிகளை விழுங்கி இருநூறு வார்டு ஆயிற்று. பையன் வார்டு எழுபதையும் விரல் நுனியில் வைத்திருக்கிறான். எந்த வார்டில் எந்த ஜாதி எவ்வளவு என்பதும் பாடம். பழைய பம்மலில் குழாய் திறந்துவிட்ட ஆள் இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்டேன். ரிட்டயராகியிருப்பார் மாமா, இப்போதெல்லாம் கான்ட்ராக்ட் என்றான். அவர் வீட்டைக் கண்டுபிடி, நோட்டுப்புத்தகத்தோடு போ, வால்வு வால்வாக அவர் சொல்லச் சொல்ல எழுது, போஸ்டர் அப்புறம் அடிக்கலாம் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. மே மாதம் மும்பை வருகிறேன், நீங்கள் சொல்கிற வால்வெல்லாம் நேரில் காட்டுங்கள் என்றான். வா, நாலா வாருகிற வேலையும் அப்போது நடக்கும், இரண்டையும் பார்க்கலாம் என்றேன். காலை நாலு மணிக்கு எழுந்திருக்க வேண்டும் என்பதை மட்டும் இன்னும் சொல்லவில்லை.