அத்தைக்கு ஒரு கார் இடம்

அத்தைக்குப் பக்கவாதம் வந்து சக்கர நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான், கடைகளில் கார் நிறுத்தத் தரையில் போட்டிருக்கும் கோடுகளை நான் கவனிக்கவே ஆரம்பித்தேன். போன தீபாவளிக்கு ஜவுளி எடுக்கப் போன கடையில், நாற்காலிப் படம் வரைந்த இடம் காலியாகத்தான் இருந்தது. காரை விட்டோம். கதவைத் திறந்தால் நாற்காலியை விரிக்க இடமில்லை! பக்கத்துக் கார் ஒட்டி நிற்கிறது. "நீ போயிட்டு வாம்மா, நான் கார்லயே இருக்கேன்" என்றார் அத்தை. தனக்கு எடுத்த புடவையை அவர் தொட்டுப் பார்த்தது காருக்குள்தான்.

மாசி மாதம் என் தம்பி தன் கடை வளாகத்தில் கோடு போட ஆள் வைத்தான். நானும் போய் நின்றேன். சாதாரணமாக ஒரு காருக்கு இரண்டரை மீட்டர் அகலம் போதும். சக்கர நாற்காலிக்காரருக்கு 3.6 மீட்டர் வேண்டும். அந்த அதிகப்படி இடத்தில் சாய்வுக் கோடுகள் போட்டு, வண்டி நிற்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"ஒரு கார் இடம் போச்சே அக்கா!"

"போகட்டும்டா" என்றேன்.

பெயின்டர் விவரமானவர். தரையைக் கழுவி நன்றாகக் காயவிட்டார். ஈரத்தில் அடித்தால் உரிந்துவிடுமாம். வாசல் தெளித்த ஈரத்தில் கோலம் போடும் நமக்கு இது தலைகீழ்ப் பாடம்! நூல் பிடித்து அடித்த பெயின்ட் காயுமுன், ரவை மாதிரிப் பொடிக் கண்ணாடி மணிகளைத் தூவினார். இரவில் கார் விளக்கு பட்டதும் பளிச்சென்று தெரிவது அதனால்தான்.

அடுத்த வாரம் அத்தையை அழைத்துப் போனால், சாய்வுக் கோட்டின் மேல் யாரோ ஸ்கூட்டரை நிறுத்தியிருக்கிறார்கள்! தம்பியே ஓடிவந்து தள்ளி வைத்தான். அத்தை இறங்கி, வளையல் கடையில் அரைமணி நேரம் பேரம் பேசினார்.