விலை குறைந்த உளி

தூத்துக்குடியில் எங்கள் பூர்வீக வீட்டின் பின்கட்டைப் பழுதுபார்க்க நான் முனைந்தது 2014-ஆம் ஆண்டில், பனிமய மாதா திருவிழாவுக்குச் சில வாரங்களுக்கு முன்பு. திருவிழாவுக்கு உறவினர் வந்து இறங்குவதற்குள் வேலை முடிந்துவிட வேண்டும் என்பது என் எண்ணம். தச்சர் அண்ணாச்சியிடம் அவருடைய கருவிகள் இருந்தன. பழைய சன்னலைப் பெயர்த்தெடுக்கச் சுவரை உடைக்க வந்த கையாளிடம்தான் ஒன்றும் இல்லை. கருவிகளை நானே வாங்கித் தருகிறேன் என்று ஏற்றுக்கொண்டேன். ஓய்வுபெற்ற ஆசிரியனுக்கு நேரம் தாராளமாக உண்டு. பணத்தைத்தான் எண்ணிச் செலவழிக்க வேண்டும்.

கடைத்தெருவில் தார்ப்பாயின்மீது குவித்திருந்த இரும்புச் சாமான்களுக்கு நடுவே ஓர் உளியும் ஒரு சுத்தியலும் கண்ணில் பட்டன. கறுப்பு வண்ணம் பளபளத்தது. உளியின்மேல் ‘குரோம் வனேடியம்’ என்று ஆங்கில எழுத்தில் அழுத்தமாகப் பொறித்திருந்தது. கடையில் சொன்ன விலையில் மூன்றில் ஒரு பங்குதான். அதிலும் பேரம் பேசிப் பத்து ரூபாய் குறைத்தேன். அந்தப் பத்து ரூபாயை நினைத்து வீடு வரும்வரை மகிழ்ந்துகொண்டே வந்தது இன்றும் நினைவிருக்கிறது.

அண்ணாச்சி சுத்தியலை வாங்கி, தலையைப் பார்க்காமல் பிடியின் அடிமுனையைப் பார்த்தார். “சார், இதுக்குப் பிடி போட்டவன் மரத்தைப் பாக்கவே இல்ல” என்றார். மரத்தின் ரேகை பிடியின் நீளத்துக்கு நேராக ஓட வேண்டுமாம். இதிலோ அது குறுக்கே சாய்ந்து பாதி வழியிலேயே பக்கவாட்டில் வெளியேறியிருந்தது. அப்படிப்பட்ட பிடி என்றாவது ஒருநாள் அந்த ரேகை வழியே பிளந்து, தலையைப் பறக்கவிடும். அவர் சுத்தியலை ஓரமாக வைத்துவிட்டுத் தம் பழைய சுத்தியலைக் கையாளுக்குக் கொடுத்தார். உளி தம் வேலைக்குரியது அன்று என்பதால் அதை அவர் பார்க்கவில்லை. நானும் கேட்கவில்லை.

முற்பகல் பதினொரு மணி இருக்கும். ஓங்கி அடித்த ஓர் அடியில் உளியின் தலைமுனையிலிருந்து ஒரு சில்லு தெறித்து, அந்தப் பையனின் இடக்கண்ணுக்கு அரை விரற்கடை கீழே பாய்ந்தது. பத்தொன்பது வயதுப் பிள்ளை. மூன்று தையல் போட்டார்கள். கண் தப்பியது. மருத்துவச் செலவை நான் கொடுத்தேன். கொடுத்தேன் என்று எழுதவே கூசுகிறது.

மறுநாள் காலை, கன்னத்தில் கட்டோடு அவன் வேலைக்கு வந்து நின்றான். “சார், அந்த உளி எங்க வச்சிருக்கீங்க?” என்று கேட்டான். வேலை முடியவில்லை அல்லவா? அவனுக்கு வேறு உளி ஏது?

நான் வாய் பேசாமல் நின்றேன். அண்ணாச்சிதான் அவனை அனுப்பி, அவர் வீட்டிலிருந்து வேறொன்றை எடுத்துவரச் சொன்னார். அது வந்ததும் இரண்டு உளிகளையும் என்முன் வைத்து, அரத்தை எடுத்து ஒவ்வொன்றின் தலையிலும் ஓர் இழுப்பு இழுத்தார். அவருடைய உளியின் தலையில் அரம் நன்றாகக் கடித்து, வெள்ளைக் கீறல் விழுந்தது. வாய்ப்புறத்திலோ சிரமப்பட்டுத்தான் பிடித்தது. நான் வாங்கிய உளியின் தலையில் அரம் கண்ணாடிமேல் ஓடுவதுபோல் வழுக்கிக்கொண்டு போனது. வெட்டும் முனைக்கு மட்டும் தோய்ச்சல் கொடுத்து, அடி வாங்கும் தலையை மெதுவாக விட்டுவைப்பது கொல்லர் முறை. மெதுவான தலை அடிபட்டு விரியும். விரிந்த ஓரத்தை அவ்வப்போது ராவிவிட வேண்டும். முழுதும் கடினமான இரும்பு விரியாது, சிதறும். இத்தனையும் ஒரே ஓர் அர இழுப்பில் தெரிந்திருக்கும். நான் எழுத்தைப் படித்தேன். அந்த எழுத்தைப் பொறிக்க ஓர் அச்சு போதும், நல்ல எஃகு வேண்டியதில்லை.

அதன்பின் இரும்புக் கடைக்குப் போகும்போதெல்லாம் சட்டைப்பையில் ஒரு சிறு காந்தத்தோடு போகிறேன். கடைக்காரர் சிரிக்கிறார். பித்தளைத் திருகாணி என்று தருவதில் காந்தம் ஒட்டினால் அது பித்தளை முலாம் பூசிய இரும்பு. எங்கள் ஊர்க் கடற்காற்றில் அதன் சாயம் விரைவில் வெளுத்துவிடும். ஆனால், துருப்பிடிக்காத எஃகுக் கீல்களில் இந்தச் சோதனையை முழுதும் நம்ப முடியாது. நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய மலிவு வகையிலும் பெரும்பாலும் காந்தம் ஒட்டுவதில்லை. உப்புக் காற்றில் அதுவும் துரு காட்டும். மின்கம்பி வாங்கினால் ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பார்த்ததோடு நிற்பதில்லை. முத்திரையின் மேலே தர எண்ணும் (வீட்டு மின்கம்பிக்கு 694), கீழே உரிம எண்ணும் இருக்க வேண்டும். உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கைப்பேசிச் செயலியில் இட்டால், அது யாருடையது, நடப்பில் உள்ளதா என்பது தெரிந்துவிடும்.

மலிவெல்லாம் கழிவு என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் வீட்டுக் கடப்பாரை உள்ளூர்க் கொல்லர் ஒருவர் என் தந்தையாருக்கு அடித்துக் கொடுத்தது. பெயரில்லை, முத்திரையில்லை, விலையும் அற்பம். இன்றும் வளையவில்லை. வண்ணத் தூரிகையோ துணி உலர்த்தும் கொக்கியோ மலிவாக வாங்கிக் கெட்டுப்போனால் நட்டம் காசோடு போகும். அடி வாங்குவது, பாரம் தாங்குவது, மின்சாரம் ஓடுவது ஆகிய மூன்றில் அப்படி இல்லை. நான் மிச்சம் பிடித்த பணத்துக்கு உண்டான ஆபத்து என் கையில் இருக்கவில்லை. வேறொருவர் கையில் இருந்தது. கருவியை அவன் வாங்கியிருந்தால் ஒருவேளை அரம் கேட்டிருப்பான்.

சென்ற ஆண்டு பழைய இரும்பு எடுப்பவர் வந்தார். அந்தச் சுத்தியலையும் உளியையும் சாக்கோடு தூக்கிக் கொடுத்தேன். அவர் நிறுப்பதற்குமுன் உளியைத் தனியே எடுத்துத் திருப்பிப் பார்த்தார். “நல்லாத்தான இருக்கு சார். தலையில கொஞ்சம் பொறிஞ்சிருக்கு, அவ்வளவுதான். இத நான் வச்சுக்கிடுதேன், வீட்டு வேலைக்கு ஆகும்” என்றார்.

நான் உளியைத் திருப்பிக் கேட்டேன். விலை குறைத்துவிட்டேன் என்று வருந்துகிறேனோ என எண்ணி, அவர் எடைக்கு மேல் ஐந்து ரூபாய் கூட்டிச் சொன்னார். தலையில் ராவிய தடம் உள்ள வேறோர் உளியை உள்ளேயிருந்து எடுத்துவந்து அவர் கையில் வைத்தேன். காசு வேண்டாம் என்றதை அவர் நம்பவில்லை. தெருமுனை வரை இருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.