மூணாவதா வந்தவனும் வருவாய் மாவட்டமும்

போன மாசம் பென்னாகரம் பக்கத்துல இருக்கற அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். வழக்கமா வண்டிச் சத்தம் கேட்டதுமே அக்கா பையன் வாசலுக்கு ஓடி வந்துடுவான். பதினொண்ணாவது படிக்கிறான். பள்ளிக்கூடத்துல நெடுந்தூர ஓட்டக்காரன், அதனால 'ஓடி வருவான்'ங்கறது சும்மா பேச்சுக்குச் சொன்னது இல்ல :-) அன்னிக்கு ஆளையே காணோம்.

"சோனல்ல மூணாவது வந்துட்டானாம்டா. ரெண்டு பேரைத்தான் மேல எடுத்தாங்களாம். ரெண்டு நாளா சரியாச் சாப்பிடல. நீயாவது பேசிப் பாரு"ன்னு அக்கா சொன்னாங்க.

மொட்டை மாடியில உக்காந்திருந்தான். "மூணாவதுன்னா நல்ல இடம்தானடா"ன்னு ஆரம்பிச்சேன். இந்த மாதிரி உதவாத ஆறுதல் சொல்றதுல நம்மளை அடிச்சுக்க ஆளில்ல.

"மாமா, 3000 மீட்டர் நான் 9 நிமிஷம் 42 செகண்ட். பக்கத்து சோன்ல ஃபர்ஸ்ட் வந்தவன் பத்து நிமிஷத்துக்கு மேல. அவன் டிஸ்ட்ரிக்ட் போறான், நான் வீட்ல இருக்கேன். அது எப்படி மாமா?"

என்கிட்ட பதில் இல்ல. இருபத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடி இதே கேள்வியை நான் எங்க பி.டி. சார்கிட்ட கேட்டிருக்கேன். "ரூல் அப்படித்தான்டா, க்ளாஸுக்குப் போ"ன்னார். அவரைக் குத்தம் சொல்ல முடியாது. அவர் எழுதின ரூலா என்ன?

கொசுவத்தி சுத்தறதுக்கு முன்னாடி, விளையாட்டுப் பக்கமே போகாத புண்ணியவான்களுக்காக விஷயத்தைச் சொல்லிடறேன். நம்ம அரசுப் பள்ளிக்கூடங்கள்ல தடகளம் படிக்கட்டு மாதிரி போகும். முதல்ல பள்ளி. அப்புறம் பக்கத்துப் பள்ளிக்கூடங்கள் எல்லாம் சேர்ந்த குறுவட்டம், பசங்க பாஷையில 'சோனல்'. அடுத்து வருவாய் மாவட்டம். அதுக்கு மேல மாநிலம். அங்கயும் ஜெயிச்சா அகில இந்தியப் பள்ளிகள் போட்டி. ஒவ்வொரு படியிலயும் முன்னாடி வந்த ஒருத்தரோ ரெண்டு பேரோ மேல ஏறுவாங்க, மிச்சப் பேர் வீட்டுக்கு. மாநிலப் போட்டியில கிடைக்கற சர்டிஃபிகேட், விளையாட்டு ஒதுக்கீட்டுல காலேஜ் சீட்டு கேக்கறப்ப பேசும். சோனல் மூணாம் இடத்துக்குக் கிடைக்கற சர்டிஃபிகேட்டை லேமினேஷன் பண்ணி சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டிக்கலாம். எங்க வீட்ல ரொம்ப நாள் மாட்டியிருந்தாங்க.

'வருவாய் மாவட்டம்'ங்கற வார்த்தையைக் கவனிங்க. நில வரி வசூலிக்கப் போட்ட கோடு அது. ஓடறவன் காலுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

நான் ஓடின காலத்துல தர்மபுரி மாவட்டம்னா ஓசூர், தேன்கனிக்கோட்டை, கிருஷ்ணகிரி, அரூர் எல்லாம் ஒண்ணு. 2001 மக்கள்தொகைக் கணக்குப்படி 28 லட்சம் பேருக்கு மேல. ஓசூர்ப் பக்கம் குளிர்ல பழகின பசங்களும், அரூர்ப் பக்கம் வெயில்ல வெந்த பசங்களும் அதே ஒரு இடத்துக்கு அடிச்சுக்கணும். 2004 பிப்ரவரி 9 அன்னிக்குக் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆச்சு. அதோட மாநிலப் போட்டிக்குப் போற எண்ணிக்கையும் இந்தப் பகுதிக்கு ரெண்டு பங்காயிடுச்சு. ஒரு பையனும் ஒரு செகண்ட் கூட வேகமா ஓடிடல. கெஜட்ல ஒரு அறிவிப்பு, அவ்வளவுதான். 2011 கணக்குல பெரம்பலூர் மாவட்டத்துல ஐந்தரை லட்சம் சொச்சம் பேர், தர்மபுரியில 15 லட்சம், கிருஷ்ணகிரியில 18 லட்சத்துக்கு மேல. மாவட்டம்ங்கற முறையில மூணும் சமம். 2019, 2020ல புது மாவட்டங்கள் வந்து இப்ப மொத்தம் 38. தென்காசியிலயும் ராணிப்பேட்டையிலயும் சில பசங்களுக்கு அப்படி யோகம் அடிச்சிருக்கும். நல்லா இருக்கட்டும், பொறாமை எல்லாம் இல்ல. (கொஞ்சம் இருக்கு.)

சின்ன ஊருக்கும் ஒரு இடம் கொடுக்கணும்ங்கற நியாயம் எனக்கும் புரியுது. அதை எடுத்துட்டா மாநிலப் போட்டியில பெரிய ஊர் ஹாஸ்டல் பசங்க மட்டும்தான் நிப்பாங்க. ஆனா ஓட்டக்காரங்க ஊருக்கு ஒருத்தர்னு சீரா முளைக்கறதில்ல. ஒரு வாத்தியார், ஒரு நல்ல மைதானம், முன்னாடி ஓடற ஒரு அண்ணன் அமைஞ்சா அங்க கொத்தா முளைப்பாங்க. புதுக்கோட்டையைப் பாருங்க. 2006 தோஹா ஆசிய விளையாட்டுல 800 மீட்டர்ல ரெண்டாவதா ஓடி வந்த சாந்தி சௌந்தரராஜன் அந்த மாவட்டம். (பதக்கத்தைத் திருப்பி வாங்கின கொடுமை தனிக் கதை.) 2016 குவாஹாத்தி தெற்காசியப் போட்டியில 5000, 10000 ரெண்டுலயும் தங்கம் வாங்கின சூர்யா அந்த மாவட்டம். 2017 புவனேஸ்வர் ஆசிய தடகளத்துல அதே ரெண்டு தூரத்துலயும் தங்கம் வாங்கின லட்சுமணனும் அங்கதான். இப்படிக் கொத்தா முளைக்கற இடத்துல மூணாவது வர்றவன், வேற எங்கயாவது பிறந்திருந்தா முதல் ஆளா மேல போயிருப்பான்.

ஜப்பான்லயும் இந்தத் தலைவலி உண்டு. அங்க பள்ளிக்கூடப் பசங்களுக்கு 'எகிடென்'னு தொடர் ஓட்டம், வருஷா வருஷம் டிசம்பர்ல கியோட்டோவுல நடக்கும். பையன்கள் ஏழு பேர் சேர்ந்து 42.195 கிலோமீட்டர் ஓடணும், பொண்ணுங்க அஞ்சு பேர் அதுல பாதி. 47 மாகாணம், மாகாணத்துக்கு ஒரு பள்ளிங்கறதுதான் ரொம்ப காலமா அடிப்படை. ஹியோகோங்கற ஒரே மாகாணத்துல நாட்டுலயே முதல் இடம் பிடிக்கற அளவுக்கு ரெண்டு பள்ளிக்கூடம் இருந்துச்சு. ஒண்ணு போனா இன்னொண்ணு வீட்ல உக்காந்து டிவியில பாக்கணும். விசேஷ ஆண்டுகள்ல கூடுதல் அணிகளைச் சேர்த்து அவங்க கொஞ்சம் சமாளிச்சாங்க.

நிற்க. அக்கா பையன் கேள்விக்கு வர்றேன். "அப்ப டைம் பாத்து எடுக்கலாமே மாமா"ன்னான். நானும் அந்த வயசுல அதைத்தான் நினைச்சேன். எல்லா சோன்லயும் நேரத்தைக் குறிச்சு, மாவட்டத்துக்கு மொத்தமா முதல் பத்துப் பேரை எடுத்தா சரியாப் போச்சுன்னு.

ஆனா அந்த வருஷம் சோனல்ல தோத்துட்டு, மாவட்டப் போட்டிக்குப் பி.டி. சாருக்கு எடுபிடியாப் போனேன். சுண்ணாம்புத் தூள்ல கோடு போட்ட 200 மீட்டர் மைதானத்துல 3000 மீட்டர்னா 15 ரவுண்டு. எண்றதுக்கு ஒருத்தர், கையில ஸ்டாப்வாட்ச்சோட இன்னொருத்தர். எண்றவரை யாராவது நலம் விசாரிச்சா ஒரு ரவுண்டு போச்சு. 200 மீட்டர்னு சொல்ற மைதானம் ஒரு ஊர்ல 190 இருக்கும், இன்னொரு ஊர்ல வேப்பமரத்தைச் சுத்திப் போய் 210 ஆகும். ரவுண்டுக்குப் பத்து மீட்டர் குறைஞ்சா 15 ரவுண்டுல 150 மீட்டர் போயிடும். ஓடற பையனுக்கு அது அரை நிமிஷம்!

இதை அவன்கிட்ட சொன்னப்ப மூஞ்சி சுருங்கிடுச்சு. "அப்ப என் டைம் பொய்ங்கறீங்களா?"

"பொய்ங்கலடா. அந்தப் பையனோடதும் உன்னோடதும் ஒரே தராசுல நிறுத்ததான்னு யாருக்கும் தெரியாதுங்கறேன். தெரியணும்னா ரெண்டு பேரும் ஒண்ணா ஓடணும்."

சொன்னதுக்கு அப்புறம்தான் எனக்கே உறைச்சுது. ஏன் ஒண்ணா ஓடக்கூடாது?

நூறு மீட்டர் ஓட்டத்துக்குத் தடம் வேணும். எட்டுத் தடம் இருந்தா எட்டுப் பேர், அதனால வடிகட்டித்தான் ஆகணும். நீளம் தாண்டறதுலயும் ஆளாளுக்குத் தனித்தனியா நேரம் போகும். நெடுந்தூரத்துக்கு, அதுவும் கிராஸ் கன்ட்ரிக்கு, தடமே கிடையாது. ஏரிக்கரை, மாந்தோப்பு, கரட்டு மேடுன்னு கிடைச்ச இடத்துல ஓடறதுதான் அது. நூறு பேரை நிக்க வெச்சு ஒரே விசில்ல அனுப்பலாம். இங்கிலாந்துல பள்ளிகளுக்கான கிராஸ் கன்ட்ரியில கவுண்டிக்கு எட்டுப் பேர்னு எடுத்து, ஒரு ரேஸ்ல 300 பேருக்கு மேல ஓட விடறாங்க. தடத்துக்காகப் போட்ட வடிகட்டியை, தடமே இல்லாத ஓட்டத்துக்கும் நாம மாட்டி வெச்சிருக்கோம்.

இங்க தடகள சங்கம் நடத்தற கிராஸ் கன்ட்ரி இருக்கு. தேசிய அளவுல 16, 18, 20 வயசுக்கு உட்பட்டவங்களுக்குத் தனித்தனிப் பிரிவும் இருக்கு. ஆனா கிராமத்துப் பள்ளிக்கூடப் பையனுக்கு அப்படி ஒண்ணு நடக்கற விஷயமே எட்டறதில்ல. அவனுக்குத் தெரிஞ்சது சோனல் 1500, 3000தான்.

என் ஆசை இதுதான். நெடுந்தூரத்துக்கு மட்டும் சோனல் வடிகட்டியை எடுத்துடுங்க. மாவட்டத்துக்கு ஒரு நாள் கிராஸ் கன்ட்ரி, எந்தப் பள்ளிக்கூடமும் ஆறு பேர் வரை அனுப்பலாம். முதல் நாலு பேரோட இடத்தைக் கூட்டிப் பாருங்க. 2, 5, 9, 14வதா வந்தா 30 புள்ளி. யாருக்குக் குறைச்சலோ அந்தப் பள்ளி ஜெயிச்சுது. உலக கிராஸ் கன்ட்ரி போட்டியிலயே ஜூனியர்களுக்கு ஆறு பேர் ஓடி நாலு பேர் கணக்குங்கறதுதான் முறை. அணியா மேல போறதோட, தனியா முன்னாடி வர்ற சில பேரையும் சேர்த்துக்கலாம். ஸ்டாப்வாட்ச் சண்டை கிடையாது, ரவுண்டு எண்ண வேண்டாம். முன்னாடி வந்தவன் முன்னாடி. மூணாவது வந்தவனுக்கும் மதிப்பு உண்டு, பதினாலாவது வந்தவனுக்கும் உண்டு.

இதுல எனக்கு இன்னொரு கணக்கும் இருக்கு. சித்தேரி மலை, வத்தல்மலைப் பசங்க. வத்தல்மலைக்கு அரசு பஸ் ஏறினதே 2020களில்தான். அதுவரைக்கும் அங்க நடை, இல்லன்னா ஜீப். அந்த ஏத்த இறக்கத்துல வளர்ந்த பசங்களைக் கீழ கூட்டிட்டு வந்து சுண்ணாம்புக் கோட்டுல பதினஞ்சு தடவை செக்கு மாடு மாதிரி சுத்த விடறோம். என்னை அந்த வருஷம் ரெண்டாம் இடத்துக்கு வர விடாம முந்தினவன் ஒரு மலைப் பையன். வெறுங்கால், முதல் பத்து ரவுண்டு பின்னாடியே இருந்தான். அவனும் மாவட்டத்துல நாலாவதா வந்து நின்னுட்டான். மேட்டுல விட்டிருந்தா முதல் மூணு பேர் அவனைப் பாத்திருக்கவே மாட்டாங்க, முதுகைத் தவிர.

இதை எங்க பழைய பி.டி. சார்கிட்ட போன்ல சொன்னேன். ரிட்டயர் ஆயிட்டார், குரல் மட்டும் அப்படியே இருக்கு. "நூறு பசங்க வந்தா பஸ் காசு யாரு தருவா? வெயில்ல ஒருத்தன் விழுந்தா யாரு பதில் சொல்றது? நீ கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து பேசுவ"ன்னார். வெயில் விஷயத்துல அவர் சொல்றதுல நியாயம் இருக்கு. 1924 பாரிஸ் ஒலிம்பிக்ல கிராஸ் கன்ட்ரி கொளுத்தற வெயில்ல நடந்துச்சு. 38 பேர் கிளம்பி 15 பேர்தான் முடிச்சாங்க. ஃபின்லாந்துக்காரர் நூர்மி மட்டும் ஒண்ணுமே நடக்காத மாதிரி வந்து ஜெயிச்சார். அதோட ஒலிம்பிக்ல இருந்தே அந்தப் போட்டியைத் தூக்கிட்டாங்க. ஆனா சார், நம்ம 3000 மீட்டரும் பல தடவை மத்தியானம் ரெண்டு மணிக்குத்தானே நடந்துச்சு? காலையில ஆறு மணிக்கு, மார்கழி, தை மாசத்துல வெச்சா தர்மபுரியில ஸ்வெட்டர்தான் தேவைப்படும்.

பஸ் காசுக்கு என்கிட்ட முழு பதில் இல்ல. சோனலோட நிக்கற பையன்களுக்கும் இப்ப யாரோ பஸ் காசு கொடுத்துக்கிட்டுத்தான் இருக்காங்க, பெரும்பாலும் அந்தந்தப் பி.டி. சார் சட்டைப் பையில இருந்து. அதையும் அவர்கிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தம் இல்ல. "சரி, எத்தனை கிலோமீட்டர் ஓட விடப் போற?"ன்னு கேட்டார்.

அதனால இப்ப ஒரு சின்ன ஏற்பாடு. பொங்கல் லீவுல, அக்கா வீட்டுப் பக்கத்துல ஒரு மாந்தோப்பு. தோப்புக்காரர் சரின்னுட்டார், கிளையை ஒடிக்கக் கூடாதுங்கறது மட்டும் கண்டிஷன். தோப்பைச் சுத்தி, ஏரிக்கரை ஏறி, திரும்பி வந்தா ரெண்டு கிலோமீட்டர் சொச்சம், அதுல மூணு சுத்து. சர்டிஃபிகேட் எல்லாம் கிடையாது. பழைய சார் விசில் ஊத வர்றேன்னு சொல்லியிருக்கார். ஓடி முடிச்சவங்களுக்கு அக்கா களியும் கீரைக் குழம்பும் செய்யறாங்க. ஓடறதுக்கு முன்னாடி யாருக்கும் களி கொடுக்கக் கூடாதுன்னு கண்டிப்பாச் சொல்லியிருக்கேன், அனுபவம் பேசுது.

பக்கத்து சோன் பையனையும் கூப்பிடச் சொன்னேன். "அவன் வருவானா மாமா?"ன்னான் நம்மாளு. அப்புறம் அவனே போன் பண்ணினான். வர்றானாம். கூட அவங்க பள்ளிக்கூடத்துல இருந்து இன்னும் மூணு பேரும் வர்றாங்களாம்.