ஓடுங்க... குனியுங்க... எடுங்க!

ஞாயித்துக்கிழமை காலை ஆறு மணி. ஹாஸ்டலே கும்பகர்ணனுக்கு டஃப் கொடுத்துட்டு இருக்கும். நீங்க மட்டும் ஷூ லேஸைக் கட்டிக்கிட்டு வேலூர் கோட்டைக்கு வாங்க. 'வெயிலூர்'னு கிண்டல் பண்றாங்களே, அந்த ஊரா இதுன்னு கேப்பீங்க. அகழியோரக் காத்து அப்படி!

133 ஏக்கர் கோட்டை. ஜலகண்டேஸ்வரர் கோயில், சர்ச், மசூதி மூணும் உள்ளேயே இருக்கு. 1806 ஜூலை 10 அன்னிக்கு சிப்பாய்கள் வெள்ளைக்காரனுக்கு எதிரா துப்பாக்கி தூக்கினதும் இங்கதான். கோட்டையை ஒட்டியே பெரியார் பூங்கா. ஓடறதுக்கு வேற என்ன வேணும்?

கொஞ்ச தூரம் ஓடினதும் கண்ணு தானா கீழே போகும். வாட்டர் பாட்டில், சிப்ஸ் கவர், பிரியாணி பார்சல் டப்பா (ஆம்பூர் பக்கத்துல இருக்கே, சும்மாவா!). பலமா காத்தடிச்சா அதெல்லாம் அகழிக்குத்தான் போகும்.

சுவீடன்ல எரிக் ஆல்ஸ்ட்ராம்னு ஒருத்தர் 2016-ல இதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சார். ஓடிக்கிட்டே குப்பை பொறுக்கறது. பேரு 'ப்ளாகிங்'. 2019 அக்டோபர்ல மாமல்லபுரம் கடற்கரையில பிரதமர் மோடி குப்பை பொறுக்கின வீடியோ ஞாபகம் இருக்கா? அதேதான். லண்டன்ல 2009-ல ஆரம்பிச்ச 'குட்ஜிம்' இன்னும் ஒரு படி மேல. கும்பலா ஓடிப் போவாங்க, பூங்காவுல களை பிடுங்குவாங்க, மண் அள்ளுவாங்க, திரும்ப ஓடி வந்துடுவாங்க. ஜிம் ஃபீஸ் மிச்சம்!

நம்ம கேங்கும் பண்ணலாமே? தாராளமா. ஆனா கோட்டை, தொல்லியல் துறை பாதுகாக்கிற சின்னம். ஆர்வக்கோளாறுல கடப்பாரையைத் தூக்கிட்டுப் போய் மரக்கன்றுக்குக் குழி தோண்டிடாதீங்க. அனுமதி இல்லாம அங்க கை வைக்கக் கூடாது. பூங்காவுக்குன்னா மாநகராட்சிக்கு ஒரு லெட்டர் எழுதிக் கேளுங்க. கிளவுஸ் கட்டாயம். உடைஞ்ச கண்ணாடி, ஊசியெல்லாம் வெறுங்கையில தொடவே தொடாதீங்க. முக்கியமா, நிரம்பின சாக்கு எங்க போகும்னு முதல்லயே பேசி வைங்க. குரூப் போட்டோ எடுத்துட்டு மூட்டையை ஓரமா வெச்சுட்டு வந்தா, அது தூய்மைப் பணியாளர் தலையில நாம ஏத்தற எக்ஸ்ட்ரா சுமை. அதுக்குத் தூங்கியே இருக்கலாம்.

குளிச்சிட்டு ஆம்பூர் பஸ் ஏறுங்க. வழி நெடுக பாலாறு கூடவே வரும். சாக்குல அள்ள முடியாத அழுக்கு அங்க இருக்கு. தோல் தொழிற்சாலைக் கழிவை எதிர்த்து 'வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம்' 1991-ல சுப்ரீம் கோர்ட்டுக்குப் போச்சு. ஊர்க்காரங்க சேர்ந்த ஒரு குரூப்தான் அதுவும். 1996 ஆகஸ்ட் 28-ல தீர்ப்பு வந்தது: மாசு பண்ணினவங்கதான் அதுக்கான விலையைக் கொடுக்கணும். இன்னிக்கு நாடு முழுக்க சட்டக் கல்லூரிகள்ல அதைப் பாடமா படிக்கிறாங்க. ஆனா 2025 ஜனவரி 30-லயும் அதே பாலாத்துக்காக சுப்ரீம் கோர்ட் மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது!

ஷூ கம்பெனி வண்டிகள்ல வேலைக்குப் போற பொண்ணுங்களையும் பார்ப்பீங்க. அவங்க வீட்டு அடுப்பு எரியறதும் அதே தோலாலதான். 'மூடு'ன்னு ஒரே வார்த்தையில சொல்லிட முடியாது.

ஆம்பூர்ல இறங்கினதும் முதல்ல ஆத்தை எட்டிப் பாருங்க. பிரியாணி அப்புறம்.