களனி மணலும் கண்ணாடித் தொட்டியும்

கொழும்பிலிருந்து களனி கங்கையைக் கடந்து வடகரையில் கால் வைத்தவுடனே, கண்டி வீதியும் நீர்கொழும்பு வீதியும் ஒன்றையொன்று விட்டுப் பிரிகின்ற இடத்தில் அமைந்திருக்கும் பேலியகொடையை, 2011ஆம் ஆண்டிற் புறக்கோட்டையிலிருந்து இங்கே பெயர்ந்து வந்த மத்திய மீன் சந்தையின் பெயரால் அறியாதவர் இல்லை. விடியுமுன்பே பாரையும் அறக்குளாவும் சூரையும் மலைமலையாய்க் குவிந்து விலைபோகின்ற அந்தச் சந்தையின் சந்தடிக்கு அப்பால், உண்பதற்கன்றிக் கண்டு களிப்பதற்கென்றே வளர்க்கப்படுகின்ற சிறு மீன்களுக்கு வேண்டிய கண்ணாடித் தொட்டிகளை ஒட்டியும், அவற்றின் அடியிற் பரப்புவதற்குரிய மணலைச் சலித்துக் கழுவியும் ஜீவனம் செய்கின்ற சிலர், ஒரு சந்தின் கோடியிலே தகரக் கூரையின் கீழ் வேலை செய்கிறார்கள். அவர்களுடைய கூடத்தின் பின்வளவில், மணல் என்னும் மிகச் சாதாரணமான பொருளை அவர்கள் எத்துணைச் சிரத்தையோடு கையாளுகிறார்கள் என்பதைப் பிரத்தியட்சமாகப் பார்த்த பின்னர், அதைப்பற்றி எழுதாமலிருப்பது நியாயமாகாது என்று தோன்றியது.

பின்வளவில் தறப்பாள் போர்த்திய மணற்குவியல் ஒன்று. அதனருகே இரும்புச் சட்டத்திற் கம்பிவலை இழுத்துக் கட்டிய அரிதட்டுகள் இரண்டு. அப்பால் பாதியாக அறுத்த நீல நிறப் பீப்பாய்கள் வரிசையாக. குவியலில் இருப்பது களனியின் மேற்பாகத்திலிருந்து லொறியில் வந்த ஆற்றுமணல். வீடு கட்டுபவர்களுக்குச் செல்லும் மணலும் இதுதான். ஆனால் கொத்தனார் ஒரு கியூபாக, அதாவது நூறு கன அடியாக, வாங்கிச் சீமெந்தோடு குழைத்துவிடுகின்ற அதே மணலை, இவர்கள் கைப்பிடி கைப்பிடியாகப் பரீட்சித்துத் தேர்கிறார்கள். முதல் அரிதட்டில் கூழாங்கல்லும் வேர்த்துண்டும் சிப்பி ஓடும் தங்கிவிடுகின்றன. இரண்டாவது அரிதட்டு அதைவிட நெருக்கமான கண்ணுடையது. அதன்மேல் தங்குவதைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். ஊடே விழுகின்ற பொடிமணல் சுவர் பூசுபவர்களுக்குப் போகிறது. இவ்வாறு எஞ்சுகிற மணி அநேகமாக அரை மில்லிமீற்றருக்கும் ஒரு மில்லிமீற்றருக்கும் இடைப்பட்டது.

இந்த நடுத்தர மணிக்கு ஏன் இத்தனை மதிப்பு என்று கேட்டதற்கு, மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றிற் பிறந்து இளமையிலேயே கொழும்புக்கு வந்துவிட்ட மூத்த தொழிலாளி, வேலையை நிறுத்தாமலே விளக்கம் சொன்னார். "மணி பெருசா இருந்தா, மீனுக்குப் போடுற தீனி இடுக்குல எறங்கி அங்கேயே அழுகிப் போயிருங்கய்யா. ரொம்பப் பொடியா இருந்தா இறுகிப் போயிரும். காத்து உள்ள போகாது. தீனி மேலேயே கெடக்கணும், காத்தும் உள்ள போகணும். அப்படியான மணிதான் தொட்டிக்குச் சரி." மீன் வளர்ப்பு நூல்கள் பக்கக் கணக்கில் விரித்துரைக்கும் விஷயத்தின் சாரம் முழுவதும் இந்த நான்கைந்து வாக்கியங்களில் அடங்கியிருக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

சலிப்பதற்கு முன்னர்க் குவியலின்மேல் தண்ணீர் தெளிக்கிறார்கள். உலர்ந்த மணலைச் சலித்தால் எழுகின்ற தூசியிற் கண்ணுக்குத் தெரியாத சிலிக்காத் துகள் கலந்திருக்கும். அது சுவாசத்தோடு உட்சென்று நுரையீரலிற் படிந்து, காலகதியில் அதை இறுகச் செய்துவிடும். கல்லுடைப்போரையும் மணல் வீசிச் சுத்திகரிப்போரையும் உலகெங்கும் வருத்துகின்ற இந்த நோயின் பெயரை அங்கே யாரும் உச்சரிக்கவில்லை. ஆயினும் ஈரமில்லாத மணலில் அரிதட்டை வைக்கலாகாது என்னும் நியமத்தை எல்லாரும் அனுசரிக்கிறார்கள்.

கழுவுதலே இத்தொழிலின் பெரும்பகுதி. அரைப் பீப்பாயில் மூன்றிலொரு பங்கு மணலை இட்டு, ரப்பர்க் குழாயின் முனையை மணலின் அடிவரை செருகித் தண்ணீரைத் திறந்துவிட்டு, இரண்டு கைகளாலும் மணலை அடியிலிருந்து மேலாகப் புரட்டிக்கொண்டே இருக்கிறார்கள். களிமண்ணும் உக்கிய இலைத்துகளும் காக்காய்ப்பொன் செதிள்களும் இலேசானவையோ மெல்லியவையோ ஆதலால் மேலெழுந்து விளிம்பைத் தாண்டி வழிந்துபோகின்றன. முதலில் தேநீர் நிறத்தில் ஓடுகிற நீர் படிப்படியாக வெளிறிக் கடைசியிற் கண்ணாடிபோலத் தெளிகிறது. பழக்கமில்லாத நாம் அங்கேயே நிறுத்திவிடுவோம். மூத்த தொழிலாளியோ குழாயை மூடிவிட்டு, தெளிந்த நீருக்குள் கையை இறக்கி, அடிமணலை ஒரு முறை மெல்லக் கிளறிப் பார்க்கிறார். எங்கேனும் கலங்கல் எழும்பினால் மறுபடியும் குழாய் திறக்கப்படுகிறது. "தண்ணி தெளிஞ்சிருச்சுன்னு நம்பக் கூடாதுங்கய்யா, மணல் தெளியணும்" என்றார். நாள் முழுவதும் நீரில் ஊறிய அவருடைய விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கி, நகக்கண்களிற் புண் கண்டிருந்தன. கையுறை அணியக்கூடாதா என்றேன். கையுறை போட்டால் மணி தெரியாது என்று பதில் வந்தது.

இறுதியாக ஒரு தட்டையான பேசினில் சிறிதளவு மணலை எடுத்து வட்டமாகச் சுழற்றுகிறார்கள். களனியின் மணல் பெரும்பாலும் படிகக்கல்லின் பொடி. எனினும் மலைநாட்டுப் பாறைகள் தேய்ந்து உண்டானதாகையால், செந்நிறக் கார்னெட் மணிகளும் கரிய இல்மனைட் மணிகளும் அதில் ஊடாடிக் கிடக்கின்றன. இவை படிகக்கல்லைவிடக் கனமானவை. சுழற்றும்போது நடுவிலே தங்கி, சிவப்பும் கறுப்புமான சிறு பிறையாக ஒதுங்குகின்றன. இரத்தினபுரியில் மாணிக்கக் கல் அரிப்பவர்கள் கூடையைச் சுழற்றுவதும் இதே தத்துவத்தால்தான். இங்கே அந்தப் பிறையை யாரும் எறிவதில்லை. மணலோடு மீண்டும் கலந்துவிடுகிறார்கள். வெள்ளை வெளேரென்ற தரையின்மேல் மீன்கள் தம் நிறத்தை மங்கச் செய்துகொள்ளும் சுபாவமுடையவை. சற்றே இருண்ட, பல நிறம் விரவிய தரைதான் அவற்றின் சிவப்பையும் கருமையையும் எடுத்துக்காட்டும். கடைகளில் நீலமும் இளஞ்சிவப்புமாகச் சாயம் தோய்த்து விற்கப்படும் கற்களைக் காணும்போதெல்லாம் எனக்கு மனம் கசக்கிறது. ஆற்றின் மணலுக்கு அந்த அலங்காரம் எதுவும் வேண்டியதில்லை.

மட்டக்குளியிலிருந்து வருகிற ஒரு பெண்மணியின் பொறுப்பு, புதிதாக வந்த லொறியின் மணலைச் சோதிப்பது. ஒரு பீங்கான் தட்டிற் சிட்டிகையளவு உலர்ந்த மணலை வைத்து, அதன்மேல் சமையலுக்கு வாங்கிய தென்னை வினாகிரியைச் சொட்டுச் சொட்டாக விட்டார். ஒரு மூலையில் நுண்ணிய குமிழிகள் கிளம்பி, காதருகே கொண்டுபோனால் கேட்கக்கூடிய மெல்லிய சீறலும் உண்டாயிற்று. "இதில கடல் மணல் கலந்திருக்கு, ஐயா. மீன் உடனே சாகாது, ஆனா எங்கட ஓடை மீனுக்கு ஒத்துவராது" என்றார். கடல் மணலிலே கலந்திருக்கும் சிப்பி, சங்கு, பவளம் முதலியவற்றின் சுண்ணாம்பு நீரிற் கொஞ்சங் கொஞ்சமாகக் கரைந்து அதைக் கடினமாக்கிக் காரத்தன்மையை ஏற்றிவிடுகிறது. ஆபிரிக்காவின் மலாவி, தங்கனீக்கா ஏரிகளின் மீன்களுக்கு அத்தகைய நீர் ஏற்றதே. தென்மேற்கிலங்கையின் நிழலடர்ந்த ஓடைகளிற் பிறந்த ஜாதிகளோ மென்மையான, சற்றே அமிலத்தன்மையுள்ள நீருக்குப் பழகியவை. பி. இ. பி. தெரணியகல 1929இல் விஞ்ஞான உலகுக்கு அறிமுகப்படுத்திய செரி பார்ப் என்னும் செந்நிறச் சிறு கெண்டையும், ஆண்மீன் இனப்பெருக்க காலத்தில் மாணிக்கச் சிவப்பேறுகின்ற பிளாக் ரூபி பார்ப்பும் இவ்வகையைச் சேர்ந்தவை. உலகெங்கும் தொட்டிகளில் வளர்க்கப்படும் இவ்விரண்டும் இந்நாட்டுக்கே உரியவை. இவற்றின் இயற்கை உறைவிடங்களுள் களனியின் கிளையோடைகளும் அடங்கும். இந்த மீன்களுக்கு இதே கங்கையின் மணலைத் தேடிக் கொடுப்பதில் ஒரு பொருத்தம் இருக்கிறதல்லவா?

மணலின்மேல் நீந்துகிற மீனைவிட மணலுக்குள்ளே வாழ்கிற மீனைப் பார்ப்பதுதான் எனக்கு அதிகப் பிரியம். கூடத்தின் ஒரு தொட்டியில் அயிரைகள் சில இருந்தன. மதுரையிற் குழம்புக்குப் பேர்போன அதே அயிரை, இலங்கையின் மணற்பாங்கான ஓடைகளிலும் உண்டு. ஒன்று மணலை வாயால் அள்ளி, அதிலுள்ள இரையை உள்ளே வாங்கிக்கொண்டு, வெறும் மணியைச் செவுள்வழியே உதிர்த்தது. வேறொன்று தலையைக் கவிழ்த்து உடலை ஓர் உலுக்கு உலுக்கி, கண்ணிரண்டும் மூக்கும் மாத்திரம் வெளியே தெரியப் புதைந்துகொண்டது. மணலை அள்ளி இரை தேடும் வழக்கம் தென்னமெரிக்காவிலிருந்து வந்த கொரிடோராஸ் கெளுத்திக்கும் உண்டு. கருங்கல் உடைத்த கூர்மணலில் இவற்றை விட்டால், மீசை தேய்ந்து புண்பட்டு இரை தேடவும் இயலாமற் போகும். ஆற்றில் உருண்டு முனை மழுங்கிய மணிக்கும் ஆலையில் நொறுக்கிய மணிக்கும் உள்ள வித்தியாசத்தை மூத்த தொழிலாளி எனக்குக் காட்டிய விதம் மறக்கத்தக்கதன்று: ஈர மணலைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்து என் காதருகே தேய்த்தார். கூர்மணல் கரகரவென்று சத்தமிட்டது. ஆற்றுமணல் ஏறக்குறைய மௌனமாக நழுவியது.

தொட்டிக்குள் பரப்பியபின் மணலைப் பராமரிக்கும் முறையையும் அவர்களிடமே கேட்டறிந்தேன். மீனின் கழிவிலிருந்து உண்டாகும் அமோனியாவை முதலில் நைத்திரைற்றாகவும் பின்னர் தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றுகின்ற நுண்ணுயிர்கள் வடிகட்டியில் வாழ்வதுபோலவே மணிகளின் மேற்பரப்பிலும் குடியேறுகின்றன. அவற்றுக்குப் பிராணவாயு வேண்டும். மணல் கனமாகப் படிந்து இறுகிவிட்டால் அடியிற் பிராணவாயு தீர்ந்து, வேறு வகை நுண்ணுயிர்கள் பெருகி, கறுப்புத் திட்டுகள் தோன்றி, கிளறினால் அழுகிய முட்டை நாற்றமுள்ள நச்சுவாயு கிளம்பும். ஆகையால் செடி நடாத தொட்டிக்கு ஒன்றரை அங்குலத்துக்கு மேல் மணல் இடுவதில்லை என்பது இவர்களுடைய முறை. வேரூன்றுகிற கிரிப்டோகொரைன் செடிகளுக்கு மாத்திரம் பின்பக்கத்திற் சற்று உயர்த்துகிறார்கள்; அச்செடியின் பல இனங்களும் இந்த நாட்டு ஓடைகளுக்கே உரியவை. வாரம் ஒரு முறை விரலாலோ மெல்லிய குச்சியாலோ மணலைக் கிளறிவிட வேண்டும். நன்னீரில் வாழும் கூர்ங்கோபுர நத்தைகள் சில இருந்தால் இரவெல்லாம் அந்த வேலையை அவையே செய்யும். அழுக்கை உறிஞ்சும் சைபன் குழாயை மணலுக்குள் குத்தாமல், மேற்பரப்புக்கு ஒரு விரற்கிடை மேலே பிடித்து வட்டமிட்டால், கழிவு குழாய்க்குள் ஏற, மணல் இருந்த இடத்திலேயே இருக்கும். பழகிய மணலைக் கழுவ நேரிட்டால் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலச வேண்டும். குழாய்நீரின் குளோரின் அந்த நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும்.

இத்தனை நுட்பமும் எந்த மணலைச் சார்ந்து நிற்கிறதோ அந்த மணலே அருகிவருகிறது. சிவனொளிபாதமலைச் சாரலிலிருந்து 145 கிலோமீற்றர் ஓடிக் கடலைச் சேர்கின்ற களனியின் தலைப்பகுதியில், மவுஸ்ஸாக்கலை, காசல்ரீ முதலிய மின்சார நீர்த்தேக்கங்கள் மலையிலிருந்து இறங்கும் மணலைத் தடுத்து நிறுத்திவிடுகின்றன. கீழ்ப்பகுதியிலோ, கட்டடத் தேவைக்காக ஆறு கொண்டுவருவதைவிட அதிகமாக அள்ளப்பட்டு வந்திருக்கிறது. 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின்படி, மணல் அகழ்வதற்குப் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கங்கள் பணியகத்தின் அனுமதி அவசியம். அச்சட்டம் இருந்தும் ஆற்றின் அடித்தளம் தாழ்ந்து, வரட்சிக் காலங்களிற் கடல்நீர் அம்பத்தலை வரை உட்புகுந்தது. கொழும்பு குடிக்கின்ற நீரிற் பெரும்பகுதி எடுக்கப்படுவதும் அங்கேதான். உப்புநீரைத் தடுக்க ஆற்றின் குறுக்கே மணல்மூட்டைகளை அடுக்கவேண்டிய நிலை உண்டாயிற்று. ஐக்கிய நாடுகள் சுற்றாடல் நிகழ்ச்சித் திட்டம் 2019இல் வெளியிட்ட அறிக்கை, உலகம் ஆண்டுதோறும் 4,000 முதல் 5,000 கோடி தொன் வரை மணலையும் சரளையையும் உபயோகிக்கிறது என்று கணித்தது. அந்தப் பெருங்கணக்கின் முன் மீன் தொட்டியின் பங்கு அற்பமே. இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் உள்ள தொட்டிக்கு ஒன்றரை அங்குல மணல் இட்டால் கால் கன அடி செல்லும். ஒரு கியூப் மணலில் 400 தொட்டிகளை நிரப்பலாம். ஆனாலும் அற்பத்தையே பலகாலம் பேணுவதற்கு வழி தெரிந்தவர்கள் இவர்கள். வாடிக்கையாளர் திருப்பிக் கொடுக்கும் பழைய மணலையும் கழுவிக் காயவைத்து மீண்டும் பைகளில் நிரப்புகிறார்கள்.

இவர்களுக்குக் கூலி, கழுவி முடித்த பைகளின் எண்ணிக்கைப்படியே கிடைக்கிறது. சலித்துக் கழித்த மணலுக்கும், மூன்றாம் நான்காம் முறை திறந்த குழாய்க்கும், வினாகிரி சொட்டிச் செலவழித்த நேரத்துக்கும் தனியே எதுவும் இல்லை. ஆகவே, கவனமாக வேலை செய்பவர் விரைவாக வேலை செய்பவரைவிடக் குறைவாகவே சம்பாதிக்கிறார் என்பதை நான் மிகுந்த வருத்தத்தோடு பதிவு செய்கிறேன். கூலி முறை இப்படியிருந்தும் இந்தக் கூடத்தில் ஒருவரும் கலங்கல் மணலைப் பையில் இட நான் காணவில்லை.

மீன் வளர்க்கும் அன்பர்களிடம் நான் வேண்டிக்கொள்வது இதுதான். அடுத்த முறை மணல் வாங்கும்போது, மலிவைப் பார்த்துக் கழுவாத மணலை வாங்காதீர்கள். கழுவிய மணலுக்கு விலையைக் குறைக்கும்படி கடைக்காரரை நெருக்காதீர்கள், ஏனெனில் குறைகின்ற தொகை பெரும்பாலும் கழுவியவரின் கூலியிலிருந்தே கழிகிறது. தொட்டியைக் கலைக்க நேர்ந்தால் மணலைக் கானில் கொட்டாமல் பையிற் கட்டி இத்தகைய கூடமொன்றிற் கொண்டுபோய்க் கொடுங்கள், வாங்கிக்கொள்வார்கள்.